காது தெளிவு, கண் மங்கல்

ஆத்மநாதன் அண்ணன் ஓட்டுகிற பஸ்ஸில் பால்காரர்கூடக் கேனுக்கு மூடி போடமாட்டார். அவ்வளவு அலுங்காமல் ஓட்டுவார். கந்தர்வக்கோட்டைக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே போய்வருகிற தனியார் பஸ் எங்களுடையது. அவர் டிரைவர், நான் கண்டக்டர் நாகராசு. பொறுமை எனக்கு ஊசிமுனை அளவுகூடக் கிடையாது. அது மொத்தமும் அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு பழைய பிலிம் கேமரா. கையில் இருக்கிற போனில் ஆயிரம் படம் எடுக்கலாம் என்று சொல்லிச் சொல்லி எனக்குத்தான் வாய் வலித்தது. அந்தக் கேமராவில் பார்க்கிற ஜன்னல் வேறு, படம் பிடிக்கிற லென்ஸ் வேறு. ஜன்னலுக்குள் எதிரே நிற்பவர் இரண்டாகத் தெரிவார். லென்சின் வளையத்தைத் திருகத் திருக இரண்டும் நெருங்கிவந்து ஒன்றாகும். ஒன்றான நேரத்தில் பட்டனை அமுக்க வேண்டும். லென்சுக்குள் என்ன நடக்கிறது என்று எடுப்பவருக்குத் தெரியவே தெரியாது. பிலிமைச் சென்னைக்கு அனுப்பி, கழுவி, படம் போனுக்கு வந்த பிறகுதான் விஷயம் வெளியே வரும்.

போன வருஷம் பெங்களூர்க்காரர் ஒருவரிடம் பழைய லென்ஸ் ஒன்றை வாங்கினார். நல்ல கனம், முன்பக்கம் மாட்டுக்கண் மாதிரி பெரிய கண்ணாடி. வெளிச்சம் புகுகிற வாயை முழுசாகத் திறந்துவைத்தால் கோயில் விளக்கு வெளிச்சமே போதுமாம். ஆனால் அப்படித் திறந்துவைத்துக் கிட்டத்தில் எடுத்தால், ஒரு விரல் கனத்துக்குத்தான் தெளிவு இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் மங்கிவிடும். பகல் வெயிலில் வாயைச் சுருக்கி எடுத்த படங்களில் ஒரு குறையும் தெரியவில்லை.

என் மகள் காவ்யாவுக்கு ஐயனார் கோயிலில் காதுகுத்து வைத்தபோது அந்த லென்சோடு வந்தார். தாய்மாமன் ஆனந்தராஜ் மடியில் பிள்ளை உட்கார்ந்து ஊரையே கூட்டி அழுதது. இருட்டு மண்டபத்தில், லென்சை முழுக்கத் திறந்து, ஒரு கை தூரத்தில் இருந்து அண்ணன் எடுத்தார். படம் வந்தது. புதுக் கம்மலும் காது மடலில் இருந்த சந்தனப் பொட்டும் தொட்டால் கையில் ஒட்டும்போல இருந்தன. என் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கொண்டாடினார்கள். அண்ணனின் மனைவி செவந்தி மதினி, “காதுகுத்துக்குக் காதைப் புடிச்சாரு பாரு” என்று எல்லாரிடமும் போனைக் காட்டினார்.

“நான் தெளிவைக் கண்ணுலதான் வச்சேன்” என்றார் அண்ணன். யாரும் காதில் வாங்கவில்லை, நானும்தான். பிள்ளையின் கண் மங்கலாக இருந்ததை அழுகை என்று நினைத்துக்கொண்டோம்.

அடுத்த பிலிமில் பொழுதுசாயும் நேரத்துப் பஸ் ஸ்டாண்ட் ஆட்களை எடுத்தார். பூ விற்கிற அமிர்தவல்லி அக்கா, டீ மாஸ்டர், நான். வந்த படங்களில் அக்காவின் காதோர முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். டீ மாஸ்டரின் காதில் சொருகியிருந்த பீடி பளிச்சென்று இருந்தது. கண்கள் மட்டும் எல்லாருக்கும் பனிமூட்டம். “அண்ணே, ஊர்க்காதை எல்லாம் எடுத்துட்டீக. இனி காது டாக்டருக்குத்தான் விக்கணும்” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் பஸ் மெதுவானது. எதிரே லாரி வந்தால் அரை பர்லாங்குக்கு முன்பே பிரேக் பிடித்தார். ஆட்டுக்குட்டி ரோட்டைப் பார்த்துத் திரும்பினாலே நின்றார். பின்னால் வந்த பஸ் எங்கள் ஆட்களையும் அள்ளிக்கொண்டு போனது. முதலாளி என்னிடம் கத்த, நான் அண்ணனிடம் கத்தினேன். ஆதனக்கோட்டையில் முந்திரி விற்கிற பெண்கள் ஜன்னலோரம் வந்து நின்றபோது அவர் இன்ஜினை அணைத்துவிட்டு என்னைக் கீழே கூப்பிட்டார்.

“நாகராசு, கேமரா ஜன்னல்ல ரெண்டும் ஒண்ணாச் சேந்துருச்சுன்னு நெனச்சுத்தான் அமுக்குறேன். சேரவே இல்லை. என் கண்ணு போயிருச்சுடா.”

எனக்குக் கோபம் மொத்தமும் இறங்கிவிட்டது. டாக்டரைப் பார்த்தீர்களா என்றேன். பார்த்தாராம். தூரப்பார்வை நன்றாக இருக்கிறது, படிக்க மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

“அப்பறம் என்ன?”

“மூக்கண்ணனுக்கும் ஒண்ணும் இல்லேன்னுதான் சொன்னாக.”

மூக்கன் என்ற டிரைவரின் வண்டியில்தான் அண்ணன் கிளீனராகச் சேர்ந்தார். மூக்கனுக்குப் பார்வை குறைந்துகொண்டே வந்ததை அவரும் வெளியே சொல்லவில்லை, தெரிந்தவர்களும் கேட்கவில்லை. ஒரு நாள் பாலத்தருகில் மொபெட்டில் போன புருஷன் பெண்டாட்டி மேல் பஸ் ஏறிவிட்டது. அந்தப் பெண்ணின் செருப்பைத் தேடி எடுத்தவர் அண்ணன்தான். அதை அவர் சொன்னபோது ஒரு முந்திரிக்காரப் பெண் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார்.

“டாக்டரு காட்டுற போர்டுல பெரிய எழுத்துத்தான் இருக்கு. படத்துல இருக்குறது பொய்யா? அறுபது பேரை ஏத்திக்கிட்டு நான் சோதிச்சுப் பாக்க மாட்டேன்.” அன்று புதுக்கோட்டை போய்ச் சேர்ந்ததும் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டார்.

அவர் இடத்துக்குக் கவியரசன் என்ற பையன் வந்தான். நல்ல பையன்தான், ஆனால் ஹாரனில் இருந்து கையை எடுக்கமாட்டான். அண்ணனுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு எங்கள் பஸ்ஸிலேயே டிரைவருக்குப் பின்சீட்டில் வந்து உட்கார்ந்தார். வளைவு வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் தரையை அமுக்கியது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஒருநாள் பஸ் காலியான பிறகு வாயை விட்டேன்.

“பிரேக் பிடிக்கலேன்னா மொதல்ல வண்டியப் பாப்பீகளா, ஒங்க காலைப் பாப்பீகளா?”

“வண்டியத்தான்.”

“அப்ப லென்சைப் பாத்தீகளா?”

அவர் தோளில் தொங்கிய கேமராவைப் பிடுங்கினேன். “நான் எடுக்குறேன். என் கண்ணு கழுகுக் கண்ணு. எனக்கும் தெளிவு காதுலயே விழுந்தா அது லென்சோட கோளாறு. கண்ணுல விழுந்துச்சுன்னா நீங்க சொல்றது சரி, நான் வாயைத் தொறக்கல.”

டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்றார். பிடித்து உட்காரவைத்தேன். லென்சை முழுக்கத் திறந்துவைத்தேன். ஜன்னலுக்குள் இரண்டு ஆத்மநாதன்கள் தெரிந்தார்கள். இரண்டு பேரும் அழுதுவிடுகிற முகத்தோடு இருந்தார்கள். கண்மேல் கண் ஏறி ஒன்றாகும்வரை திருகி அமுக்கினேன். கை ஆடியிருந்தால் என்ன செய்வது என்று பிலிம் தீரும்வரை அதையே எடுத்தேன்.

பிலிம் சென்னைக்குப் போய்த் திரும்புகிறவரைக்கும் நான் வேண்டிக்கொண்ட மாதிரி உலகத்தில் எந்தப் போட்டோகிராபரும் வேண்டியிருக்க மாட்டான். ஐயனாரே, என் படம் பாழாய்ப்போக வேண்டும். செவந்தி மதினி ஒருநாள் பஸ்ஸில் ஏறி, “தம்பி, படம் சரியா வந்துட்டா அவருட்ட காட்டாதீக” என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்துச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன்.

படம் வந்த அன்று அண்ணன் போனைத் திறக்காமலே என்னிடம் நீட்டினார். “நீயே பாரு.” கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். படத்தை விரல்களால் விரித்தேன். காதில் முளைத்திருந்த முடி ஒவ்வொன்றும் கம்பிபோல் நின்றது. கண் மங்கல். அடுத்ததிலும் காது தெளிவு, கண் மங்கல். அதற்கடுத்ததிலும் அப்படியே. “காதுண்ணே! காது!” என்று நான் கத்தியதில் கீரைக்கட்டோடு ஏறிய அம்மா பயந்து இறங்கிவிட்டார்.

அண்ணன் வெகுநேரம் படத்தைப் பார்த்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். “மூக்கண்ணன்ட்ட யாரும் இப்புடிக் கேக்கலடா” என்றார். பிறகு முன்னால் போய், “தம்பி, கொஞ்சம் எந்திரிங்க” என்றார். முதலாளிக்குப் போன் போட்டுவிட்டுக் கவியரசன் எழுந்துகொண்டான். நான் ஊதிய விசிலில் எனக்கே காது அடைத்தது.

பிறகுதான் பெங்களூர்க்காரரிடம் போனில் கேட்டோம். உள்ளே படிந்த பூஞ்சையைத் துடைக்க லென்சைக் கழற்றினாராம். திரும்ப மாட்டும்போது மெல்லிசாக ஒரு வளையம் மிஞ்சியதாம், தேவையிருக்காது என்று விட்டுவிட்டாராம். அந்த ஆள் மட்டும் என் பஸ்ஸில் ஏறியிருந்தால் நடுக்காட்டில் இறக்கிவிட்டிருப்பேன். அண்ணன் திட்டவில்லை. “ஒரு வாஷர்தானே” என்றார். பிலிம் இருக்கவேண்டிய இடத்தில் டிரேசிங் பேப்பரை ஒட்டி, ஷட்டரைத் திறந்து பிடித்து, என்னை விளக்கடியில் உட்காரவைத்துப் பார்த்தார். தாளில் நான் தலைகீழாகத் தெரிந்தேன். கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டி ஒரு வளையம் செய்து உள்ளே போட்டதும், தெளிவு காதிலிருந்து கன்னத்துக்கு வந்தது. இன்னொன்று போட்டதும் கண்ணுக்கு வந்துவிட்டது.

காவ்யாவை மறுபடியும் எடுத்தார். பிள்ளையின் கண்ணுக்குள் வீட்டு ஜன்னல் கம்பி தெரிந்தது. மதினிக்குத் திருப்தி இல்லை, கம்மல் சரியாக விழவில்லையாம்.

நான் எடுத்த பாழாய்ப்போன படத்தைப் பிரிண்ட் போட்டு, டிரைவர் சீட்டுக்கு மேலே அவரே ஒட்டிவைத்தார். போன வாரம் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு வாத்தியார், “என்னங்க, ஒங்க படம் இப்படி மங்கலா இருக்கு? நல்லதா ஒண்ணு வைக்கலாம்ல” என்றார்.

அண்ணன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அது மங்கலா இருக்கப்போயித்தான் சார், ஒங்களை ஏத்திக்கிட்டுப் போறேன்” என்றார்.