அம்மாவின் குதிகால்

சவுக்கு மரத்தடிக் கல்லின் ஈரச் சில்லிப்பு இன்றும் என் உள்ளங்காலில் இருக்கிறது. இலங்கை மலையகத்து மடுல்சீமையில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்காரர்களுக்கு அந்தக் கல்லில் ஏறி நின்றால்தான் போனில் “சிக்னல்” கிடைக்கும். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த அம்மா, மதியப் பாத்திரங்களைக் கழுவி முடித்து அழைக்கும்போது, எங்கள் மலையில் சாயங்காலமாகி மூடுபனி இறங்கத் தொடங்கியிருக்கும்.

ஒருநாள் அழுதுகொண்டே, “மாடிப்படி ஏறி ஏறி முழங்கால் போச்சு புள்ள. சரியாகலன்னா ஊருக்கு அனுப்பிருவேன்னு மேடம் சொல்றாங்க” என்றார். அனுப்பட்டுமே என்றுதான் எனக்குத் தோன்றியது. பக்கத்தில் நின்ற அப்பாவோ, “கூரைத் தகரங்கூட இன்னும் மாத்தல, இப்ப வந்து என்னா செய்யப் போற?” என்றார். அங்கே டாக்டர் “குந்தி எழும்ப” சொன்னாராம். அவர் பேசிய பாஷையில் அம்மாவுக்கு அதற்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சிப் பாடத்தில் செய்திருந்தேன்.

தோளகலத்துக்குக் காலை விரித்து, பின்னால் இருக்கும் நாற்காலியில் உட்காரப் போகிறவர்போல இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோய், நெஞ்சு கவிழாமல், முழங்கால் உள்ளே சாயாமல், குதிகால் தரையைவிட்டு எழாமல், வலிக்காத அளவுக்கு மட்டும் இறங்கி எழ வேண்டும். கல்லின்மேல் நின்று வீடியோவில் செய்து காட்டினேன். அம்மா செய்தபோது, இறங்கியதும் திரையில் வெறும் சுவர்தான் தெரிந்தது. அவர் படுக்கும் அறை அவ்வளவு குறுகல். காலைப் பார்க்க வேண்டுமென்றால் போனைத் தரையில் சாத்திவைக்க வேண்டும், அப்போது முகம் தெரியாது. நான் காலையே பார்த்தேன். மாதக்கணக்கில் எனக்குக் கிடைத்த அம்மா அந்த வெடித்த குதிகால்கள்தான். “அம்மா, குதிகால் தூக்குது” என்பேன். “இப்ப சரியா புள்ள?” என்று மேலிருந்து குரல் மட்டும் வரும். பிறகு “டேட்டா” தீர்ந்துபோகும். இருட்டிக்கொண்டு வரும் மலையில் தனியாக நின்று அழுவேன்.

நன்றாகவே சொல்லிக்கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. வலி விட்டது, ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் மேடம் அம்மாவை மறுபடி மறுபடி அங்கேயே வைத்துக்கொண்டார். நான் வயதுக்கு வந்ததையும் பரீட்சையில் பாஸானதையும் அம்மா போனில்தான் பார்த்தார்.

இப்போது எனக்குப் பதுளையில் ஒரு கடையில் வேலை, பஜாருக்குப் பின்னால் வாடகை அறை. லயத்துப் பக்கம் டவர் வந்துவிட்டதால் அந்தக் கல்லில் யாரும் ஏறுவதில்லை. ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்ட அம்மா, போன வாரம் என்னைப் பார்க்க வந்தபோது படியேறியதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். “வாங்கம்மா, பழையபடி செய்வோம்” என்று கையெட்டும் தூரத்தில் எதிரே நின்றேன். அம்மா காலை விரித்துவைத்து, அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“போனை எங்க புள்ள வைக்கிறது?”