பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல்

எங்கள் காரில் பெட்ரோல் வாடை அடிக்கத் தொடங்கியது ஆனி மாதக் கடைசியில். டேங்க்கை நிரப்பினால் இரண்டு மூன்று நாள் அடிக்கும், பிறகு அடங்கிவிடும். நான் பங்க்கில் வேலை செய்கிறவன் மீது பழியைப் போட்டேன். மூடியைச் சரியாகத் திருகவில்லை என்று அவனைப் பிடித்துச் சத்தம் போட்டேன். அவன் மூடியைக் கழற்றிக் காட்டி, மறுபடியும் மாட்டிக் காட்டினான். நான் நம்பவில்லை. தாலுகா அலுவலகத்தில் முப்பது வருஷம் மனு வாங்கியவள் நான். எதிரே நிற்கிறவன் பொய்தான் சொல்வான் என்று நினைத்து நினைத்து அதுவே புத்தியாகிவிட்டது.

என் கணவர் யார் மீதும் பழி போடமாட்டார். எந்த வாடைக்கும் அவரிடம் இருக்கும் ஒரே மருந்து சாம்பிராணி. ஆடி வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் புகை போட்டுவிட்டு, சிரட்டைக் கங்கு கனன்றுகொண்டிருக்கும் தூபக்காலை அப்படியே காருக்குள் கொண்டுபோவார். பின்சீட்டுக்கு முன்னால் கால் வைக்கிற இடத்தில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார். கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் கோயில் மாதிரி மணக்கும். மூன்று வெள்ளிக்கிழமை இப்படிச் செய்தார். நானும் வாசலில் நின்று “நல்லாத்தான் இருக்கு” என்றேன். அந்த மூன்று வெள்ளியை நினைத்தால் இப்போதும் அவர் மீது கோபம் வருகிறது. என் மீது அதைவிட அதிகமாக வருகிறது.

கார் நாங்கள் பழையதாக வாங்கியது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் அண்ணாச்சியிடம். டவுனில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். புதுக் கார் எடுத்ததும் பழையதை எங்களுக்குக் கொடுத்தார். ஓய்வு பெற்ற பிறகுதான் நான் கார் ஓட்டப் படித்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. என் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு என்னைக் கூட்டிவந்தது ஒரு கூட்டமான பஸ். ஒன்பதாம் மாத வயிற்றோடு சேரன்மகாதேவி வரை நின்றுகொண்டே வந்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. என் மகளை விக்கிரமசிங்கபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். ஆவணியில் அவளுக்கு வளைகாப்பு. அது முடிந்த கையோடு அவளைப் பின்சீட்டில் சாய்ந்து உட்காரவைத்து, நானே ஓட்டிப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிவருவேன் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

ஆவணி பிறந்ததும் தட்டில் குங்குமம், வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்கு அழைக்கப் போனோம். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அவளை நான் மதினி என்று கூப்பிடுவேன்.

“வண்டிய சரி பண்ணியாச்சா?” என்றாள்.

“எதைச் சரி பண்ணணும் மதினி?”

அண்ணாச்சி இருமினார்.

“அதான், பெட்ரோல் ஒழுகுமாமே. கம்பெனிக்காரன் கடுதாசி போட்டிருந்தானே. இவுக ஒங்ககிட்ட சொல்லலியா?”

“ஏட்டி, நீ உள்ள போயி முறுக்கு எடுத்துட்டு வா” என்றார் அண்ணாச்சி.

“முறுக்கு இருக்கட்டும். என்ன கடுதாசி அண்ணாச்சி?”

அவர் எழுந்து போய், சுவரில் தொங்கிய காலண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு உறையை எடுத்துவந்தார். ஆர்.சி. என் பெயருக்கு மாறியிருந்தாலும் கம்பெனிக் கணக்கில் முதலில் வாங்கியவர் பெயர்தான் இருந்திருக்கிறது. அதனால் கடிதம் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் பம்பின் மூடியில் விரிசல் விழலாம், எரிபொருள் கசியலாம், தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு, வண்டியைக் கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். கடிதம் வந்தது ஆனியில்.

“ரெண்டு மாசமா காலண்டருக்குப் பின்னால வச்சிருக்கிய?”

“இல்ல தங்கச்சி, வந்த அன்னைக்கே சொல்லத்தான் கிளம்பினேன். வழியில ஒங்க வீட்டுக்காரரைப் பாத்தேன். மகளுக்கு ஆவணியில வளைகாப்புன்னு அவ்வளவு சந்தோஷமாச் சொல்லுதாரு. அந்த நேரத்துல போயி ஒங்க வண்டி தீப்பிடிக்கும்னு எந்த வாயால சொல்ல? நல்ல காரியம் முடியட்டும், பெறவு சொல்லிக்கிடலாம்னு இருந்துட்டேன்.”

“அந்த நல்ல காரியத்துக்கே இந்த வண்டியிலதான அண்ணாச்சி போறோம்.”

அவர் அதை அப்போதுதான் யோசித்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“சரி விடு, அண்ணாச்சி நல்லதுக்குத்தான…” என்று என் கணவர் ஆரம்பித்தார்.

“நீங்க பேசாம இருங்க. சாம்பிராணிக் கங்கைக் கொண்டுபோயி காருக்குள்ள வச்ச ஆளு.”

மதினி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா பயந்தாளா தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. கல்யாண வீட்டில் தாலி ஏறும்வரை சாவுச் செய்தியைச் சொல்லமாட்டார்கள். கெட்ட சேதி என்று எதைக் கேட்டாலும் விசேஷம் முடியட்டும் என்று மடியில் கட்டிவைத்துக்கொள்வார்கள். கார் கம்பெனியின் கடிதத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார் அண்ணாச்சி. நான் அவரை நிறையத் திட்டினேன். அழைக்க வந்த வீட்டில் திட்டிவிட்டு, குங்குமத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டு, தனியாக ஓட்டிக்கொண்டு பைபாஸில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். என்னைப் போல இன்னும் இரண்டு பேர் அதே மாடல் காரோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் உவரியிலிருந்து வந்த மீன் வியாபாரி. இன்னொருவர் கூடங்குளத்துக்காரர்.

“பெட்ரோல் வாடை வந்துச்சா வே?” என்று கூடங்குளத்துக்காரர் கேட்டார்.

“என் வண்டியில சாளையும் நெத்திலியும் நாறுத நாத்தத்துல பெட்ரோல் எங்கன தெரிய?” என்றார் மீன்காரர். “ஒமக்கு?”

“எங்க ஊர்ல அணு உலை இருக்குன்னு என் மச்சான் வீட்டுப் பக்கமே வரமாட்டான் வே. இனிமே என் வண்டியப் பாத்தும் ஓடுவான்.”

“அப்ப வண்டியக் கொண்டுபோயி உலைக்குள்ளயே நிறுத்தும். அங்கனதான் பாதுகாப்பு கூடன்னு சொல்லுதாங்கல்லா.”

எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குள் என் முறை வந்துவிட்டது. மேஜைக்குப் பின்னால் இருந்தவருக்கு முப்பது வயது இருக்கும். சேசிஸ் நம்பரை அடித்துப் பார்த்தார்.

“ஒங்க வண்டி லிஸ்ட்ல இருக்கும்மா. பம்ப் வரணும். பத்துப் பன்னெண்டு நாள் ஆகும்.”

“ஞாயித்துக்கிழமை மகளுக்கு வளைகாப்பு. இன்னும் நாலு நாள்தான் இருக்கு.”

“அதுவரைக்கும் ஓட்டுங்கம்மா, ஒண்ணும் ஆகாது. அரை டேங்க்குக்கு மேல மட்டும் போடாதீங்க.”

இதை அவர் அன்றைக்கு எத்தனையாவது முறையாகச் சொல்கிறாரோ. எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். மனு வாங்கும்போது எனக்கும் அந்தக் குரல்தான்.

“தம்பி, கல்யாணம் ஆயிட்டா?”

“ஆயிட்டும்மா.”

“பிள்ளை?”

“ஒரு பொம்பளப்பிள்ள. ரெண்டு வயசு.”

“என் வண்டியைத் தாரேன். பின்சீட்டுல அவளை உக்கார வச்சு பாபநாசம் வரை போயிட்டு வாரியா?”

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். மீன்காரரும் கூடங்குளத்துக்காரரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

“மாட்டேம்மா” என்றார், மெதுவாக.

“அப்ப சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும்.”

அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னார், போதும். மீன்காரரும் தன் சாவியை மேஜையில் வைத்துவிட்டார். கூடங்குளத்துக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். பஸ்ஸில் போனால் பொழுது போய்விடும் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கண்ணாடியை இறக்கிவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொன்னேன். இறக்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர், “சம்பந்தி வீட்டுல இப்ப எதுவும் சொல்லாத. விசேஷம் முடியட்டும்” என்றார். நான் அவரையே பார்த்தேன். அவர் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் போய்விட்டார். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டபோது நானும் முழுதாகச் சொல்லவில்லை. கார் சர்வீஸில் இருக்கிறது, வேறு வண்டியில் வருகிறோம் என்று முடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே அண்ணாச்சி வந்தார். உட்காரவில்லை. “ஞாயித்துக்கிழமை நான் ஓட்டுதேன். என் வண்டியில போவோம்” என்றார். நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம் என்று தூக்குகளை அடுக்கிக்கொண்டு கிளம்பினோம். சேரன்மகாதேவி தாண்டும்போது கேட்டேன்.

“அண்ணாச்சி, இந்த வண்டிக்குக் கடுதாசி ஏதாவது வந்திருந்தா இப்பமே சொல்லிருங்க.”

பின்னால் உட்கார்ந்திருந்த மதினி சிரித்த சிரிப்பில் மடியில் இருந்த தூக்கு ஆடியது.

“வந்தா மொதல்ல ஒனக்குத்தான் தங்கச்சி” என்றார் அவர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

சம்பந்தி வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கார் நின்றது. எங்கள் கார் மாதிரியே. மாப்பிள்ளையின் பெரியப்பாவுடையது. அந்த வீட்டில் அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. சாப்பிட்டதும் பிள்ளைகளையெல்லாம் அதில் ஏற்றிப் பாபநாசம் அருவிக்குக் கூட்டிப்போகப் போவதாக வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே மகள் மனையில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம். ஒவ்வொருத்தியாக வந்து வளையல் போட்டார்கள். அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து நின்றார்.

“தங்கச்சி, வெளிய நிக்கது நம்ம வண்டி மாடல்.”

“பாத்தேன்.”

“நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?”

“வளையல் போட்டு முடியட்டும் அண்ணாச்சி.”

சொன்னது நான்தான். அவர் சிரித்திருக்கலாம். சிரிக்க எல்லா உரிமையும் அவருக்கு இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தாசில்தாரிடமே முகத்துக்கு நேரே பேசியவள் நான். அன்றைக்கு வாய் வரவில்லை. பெரியப்பா கோபக்காரர். பிள்ளை பெற்ற பிறகு என் மகள் இந்த வீட்டுக்குத்தான் திரும்பி வரவேண்டும். நல்ல நாளில் உன் அம்மா என்ன பேசினாள் என்று காலம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்கள். இதெல்லாம் மனதில் ஓடியது. அஞ்சாவது பெண் வளையல் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது வெளியே எஞ்சின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வெயில் தாங்கமாட்டாமல் நாலைந்து பிள்ளைகள் காருக்குள் ஏறி உட்கார்ந்திருந்தன. யாரோ அதுகளுக்கு ஏ.சி. போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

நான் வெளியே போனேன்.

“ஒங்க வண்டியில பெட்ரோல் வாடை அடிக்கா?” என்று பெரியப்பாவிடம் கேட்டேன்.

“நல்ல நாளும் அதுவுமா என்ன கேள்வி இது?”

“அடிக்கா, அடிக்கலையா?”

“டேங்க்கை நெறச்சா லேசா அடிக்கும். பங்க்ல சிந்திருதானுக.”

“நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். மொதல்ல எஞ்சினை நிறுத்துங்க. பிள்ளைகள இறக்குங்க.”

அவர் நகரவில்லை. அண்ணாச்சிதான் கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினார். பிள்ளைகளை நான் ஒவ்வொன்றாக இறக்கினேன். ஆர்.சி.யை வாங்கி, அண்ணாச்சி தன் போனில் கம்பெனியின் வலைத்தளத்தில் சேசிஸ் நம்பரை ஒவ்வொரு எழுத்தாக அடித்துப் பார்த்தார். நம்பர் லிஸ்டில் இருந்தது. திண்டுகளில் சாய்ந்திருந்த ஆட்கள் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். உள்ளே பெண்கள் பாடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது.

“அம்மா, என்னம்மா?” என்று மகள் உள்ளிருந்து கூப்பிட்டாள்.

ஒண்ணுமில்லை என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது.

“பெரியப்பா வண்டியில பெட்ரோல் கசியுது. பிள்ளைகள இறக்கியாச்சு. நீ எந்திரிக்காத, மிச்ச வளையலப் போட்டுக்கோ” என்றேன்.

சம்பந்தியம்மாதான், “சரி, சரி, அடுத்தாள் வாங்க” என்றாள். வளையல் சத்தம் மறுபடியும் கேட்டது.

அருவிக்குப் போகமுடியாத பிள்ளைகள் என்னை வில்லி மாதிரி பார்த்தன. பெரியப்பா பந்தியில் என் பக்கம் திரும்பவே இல்லை. சாயங்காலத்துக்குள் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். அண்ணாச்சி குழி பார்த்துப் பார்த்து ஓட்டினார். அவள் பின்சீட்டில் சாய்ந்து, கல்லிடைக்குறிச்சி வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

எங்கள் காருக்குப் பம்ப் வந்து மாற்றிக் கொடுத்தார்கள். முக்கால் மணி நேர வேலை. என் கணவர் இப்போதும் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறார். தூபக்காலோடு காரைத் தாண்டும்போது மட்டும் மதில் ஓரமாக ஒதுங்கிப் போகிறார்.

பேத்தி பிறந்து பதினாறாம் நாள் பெரியப்பா பார்க்க வந்தார். அதே சாம்பல் காரில்தான். பிள்ளையைப் பார்த்தார், கையில் ஒரு நோட்டை வைத்தார், மகளிடம் இரண்டு வார்த்தை பேசினார். என்னிடம் எதுவும் பேசவில்லை. போகும்போது கார் கதவைத் திறந்தவர், அப்படியே நின்றார்.

“இப்ப வாடை அடிக்கல” என்றார்.

“நல்லது” என்றேன்.