மருந்தின் அளவு முதல் வரியில்

ஹெல்வி ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். டாக்டர் தேடும் மருந்தின் அளவு ஸ்கிரீனில் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். குவோப்பியோ நகரில் எங்கள் அலுவலகம் நடத்தும் மருத்துவத் தேடுதளத்தின் பக்கங்களை வடிவமைப்பவர் அவர். முன்பு அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்தவர். நிபுணர் குழுவோடு மல்லுக்கட்டி அதைச் சாதித்தும் விட்டார். வலிப்பு என்று அடித்துக் குழந்தையின் எடையைப் போட்டால் அளவு வந்துவிடும். ஆராய்ச்சி விவரமெல்லாம் கீழே.

எந்த டாக்டரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த ஊரில் அதுதான் பாராட்டு.

ஆனால் மேலாளர் யார்மோவுக்குக் கவலை. "முன்னெல்லாம் ஒரு பக்கத்துல நாலு நிமிஷம் இருந்தாங்க, ஹெல்வி. இப்ப வந்ததும் ஓடிடறாங்க. பிடிக்கலை போல."

"ஓடலை. பதில் கிடைச்சுது, நோயாளிகிட்ட போயிட்டாங்க."

"நல்லா இருக்குன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"உன் பொண்டாட்டி வைக்கிற மீன் சூப்பை நீ என்னைக்காவது நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கியா?"

எல்லோரும் காபிக் கோப்பைக்குள் சிரித்தார்கள், யார்மோவும்தான். ஆனாலும் பணம் தருகிறவர்களுக்கு, டாக்டர்கள் பக்கத்தில் இருக்கும் நேரத்தைக் காட்டும் கோடு ஏற வேண்டும். நான் ஒப்பந்த ஊழியர். கோடு இறங்கினால் முதலில் வெளியே போவது யார் என்று தெரியாதா? யார்மோவின் உத்தரவில் பழைய நீளமான பக்கங்களே திரும்பி வந்தன.

அடுத்த வாரம் வடக்கிலிருந்து ஃபோன். இங்கேரி என்ற டாக்டர். ஹெல்விதான் எடுத்தார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? நேத்து வலிப்போட ஒரு குழந்தை. ஸ்கிரீனை உருட்டுறேன், உருட்டுறேன், ஆராய்ச்சியோட சரித்திரம்தான் வருது. அளவைக் காணோம்! கடைசியில பக்கத்து ரூம் டாக்டரைக் கத்திக் கூப்பிட்டுக் கேட்டேன்."

"குழந்தை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. நான்தான் நல்லா இல்லை."

ஹெல்வி ஃபோனோடு யார்மோவின் அறைக்குள் நுழைந்தார். நானும் பின்னால் போனேன்.

"வா, வா! பாரு, கோடு ஏறிடுச்சு!" என்றார் யார்மோ.

ஹெல்வி ஃபோனை அவர் முன்னால் வைத்தார். "ஏறின கோடு லைன்ல இருக்கு. பேசு."

யார்மோ முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "மெயில்ல அனுப்புங்க டாக்டர், அடுத்த கூட்டத்துல வைக்கிறோம்" என்றார்.

ஹெல்வி ஃபோனை எடுத்துக்கொண்டார். இருக்கைக்கு வந்து, யாரையும் கேட்காமல், வலிப்புப் பக்கத்தை மட்டும் மாற்றினார். அளவு முதல் வரிக்கு ஏறியது.

"மத்த பக்கமெல்லாம்?" என்றேன், கதவைப் பார்த்துக்கொண்டே.

"ஒவ்வொண்ணுக்கும் ஒருத்தர் ஃபோன் பண்ணிக் கத்தணும்" என்றார். "இந்த ஊர்ல அது நடக்கறதுக்குள்ள நான் ரிடையர் ஆயிடுவேன்."