இத்ரூஸ் களைக்காத பருவம்

மாத்தளை திருகோணமலை வீதியில் மிளகும் கராம்பும் வாங்கி விற்ற கடை ரவூப் நானாவுடையது. அங்கே மூட்டை ஏற்றி இறக்கியே தோள் அகன்றவர் அவருடைய தம்பி இத்ரூஸ். அறுபதுகளில் கண்டியின் பெரிய ரகர் (ரக்பி) அணி ஒன்றில், முன்வரிசையில் நின்று எதிராளிகளை முட்டித் தள்ள அவரைப் போல் ஆள் இல்லை என்றார்கள். எல்லாம் இடைவேளை வரைக்கும்தான். அதற்குப் பிறகு காலில் நரம்பு இழுக்கும், மூச்சு முட்டும். கொழும்பு அணியொன்றிடம் கடைசி நேரத்தில் தோற்ற அன்று அணித்தலைவர் சிங்களத்தில் நேராகவே சொல்லிவிட்டார்: “அடுத்த மேட்சுக்கு நீ வெளியே உட்கார்.”

வீட்டுக்கு வந்தவர் அதைச் சொல்லிவிட்டுச் சுருண்டு படுத்தார். மனைவி ஹமீமாதான் பேசினார்.

“ஒங்களுக்குப் பலம் இல்லாம இல்ல. காலையில வெறும் பிளேன்டீயோட போறீங்க. மேட்ச் முடிஞ்சா வெறும் வயித்தோட பஸ் ஏறுறீங்க. உடம்பு நோவுல தூக்கமும் இல்ல. விடியக்காலம ஒங்க நானா வந்து கடை தொறக்கக் கதவத் தட்டுறார். உழுத மாட்டுக்கும் மறுநாள் ஓய்வு குடுக்கிறாங்க.”

“நான் மாடா?”

“மாட்ட ஒழுங்காப் பாத்துக்குவாங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் ஹமீமா நேராகக் கடைக்குப் போனார். “மச்சான், மேட்ச் முடிஞ்ச மறுநாள் இவர எழுப்ப வேணாம்.”

“அப்ப மூட்டைய யார் தூக்குறது?”

“நான் வந்து தூக்குறேன்.”

ரவூப் திகைத்துப்போய்ச் சரி என்று தலையாட்டினார்.

அன்றிலிருந்து காலையில் இலைக்கஞ்சி. போட்டிக்குப் போகும்போது கையில் சாப்பாட்டுக் கேரியர்: சிவப்பரிசிச் சோறு, பருப்பு, அவித்த முட்டை, எருமைத் தயிரும் கித்துள் பனையின் இனிப்புப் பாணியும். ஒரு போத்தலில் தேசிக்காய் பிழிந்து உப்புப் போட்ட தண்ணீர். இப்போது இரண்டாவது அணியில்தான் ஆட்டம்; அது முடிந்து சேறு காயும் முன்பே அவர் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். கூட்டாளிகள் பள்ளிக்கூடப் பிள்ளை என்று கேலி செய்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை. பகலிலும் படுத்துத் தூங்க, ஹமீமா ஜன்னலில் சாக்கைக் கட்டி அறையை இருட்டாக்கினார்.

சில வாரங்களில் நோவு சீக்கிரம் ஆற ஆரம்பித்தது. காலில் இழுப்பு நின்றது. முதல் அணியில் ஒருவர் தோள் விலகி விழுந்தபோது இத்ரூஸை உள்ளே கூப்பிட்டார்கள். அந்த இடத்தை அவர் திரும்பக் கொடுக்கவில்லை. கேலி செய்தவர்களும் கேரியருக்குள் கையை விடத் தொடங்கினார்கள். ஹமீமா இரண்டாவது கேரியரும் கட்டினார்.

இறுதிப் போட்டி அதே கொழும்பு அணியோடு. ரவூப் கடையைப் பூட்டி, ஹமீமாவை ஏற்றிக்கொண்டு லொறியை மைதான வேலி ஓரத்தில் நிறுத்தினார். நல்ல மழை. ஆட்டம் முடியப்போகும் நேரம் இரு பக்கமும் சமம். கொழும்புக்காரர்கள் முழங்காலில் கை ஊன்றி நின்றார்கள். இத்ரூஸ் நிமிர்ந்து நின்று, “தள்ளுங்கடா!” என்று கத்தினார். இரு அணியும் முட்டியதும் எதிரணி பின்னுக்குச் சறுக்கியது. பந்து கோட்டைத் தாண்டி உருண்டது. இத்ரூஸ் பாய்ந்து அதன்மேல் விழுந்தார்; வெற்றிப் புள்ளி கிடைத்தது.

விசில் ஒலித்தது. ஹமீமா இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ரவூப் லொறிக் கூரையில் ஏறி நின்று, “என் தம்பி! அது என் தம்பி!” என்று தொண்டை கட்டும் வரை கத்தினார்.

மாத்தளைக்கு லொறியில் அணி முழுவதும் வந்தது. மணிக்கூட்டுச் சந்தியிலிருந்து ஹோர்ன் ஓயவில்லை. கடைக்காரர்கள் வெளியே ஓடி வந்தார்கள். சேறு காயாத உடுப்போடு இத்ரூஸ் வென்ற கேடயத்தை உயர்த்தினார். பின்னும் பல பருவங்கள் விளையாடினார். ஒரு நாளும் அவரை வெளியே உட்கார வைக்கவில்லை.