மாமா ஜோடித்த வீடு

எங்கள் வீட்டை விற்பதென்று அப்பா முடிவு செய்த நாளிலிருந்து, அந்த வீட்டில் எந்தப் பொருளையும் அது இருந்த இடத்தில் வைக்க எங்களுக்கு உரிமை இல்லாமல் போயிற்று.

அப்பா கொல்லிமலையில் கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்தார். கீழ்நாட்டுக்காரர். மலைக்கு வேலைக்கு வந்த புதிதில், தன்னைப் போலவே கீழேயிருந்து வந்து ஓய்வு பெற்றுப் போன ஒருவரிடம் மலையின் பல நாடுகளில் ஒன்றான திண்ணனூர் நாட்டில் அந்த ஓட்டு வீட்டை வாங்கியிருந்தார். வாங்கும்போதே அது ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருந்ததாம். கேட்டதற்கு, "மலையே சாஞ்சுதானுங்க இருக்குது" என்றாராம் விற்றவர். அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டிருக்கிறது.

நான் நான்காவது படிக்கும்போது அப்பாவுக்கு ராசிபுரம் பக்கம் மாற்றல் வந்தது. அங்கே பெரியப்பா வீடு இருந்தது. எல்லோரும் அங்கேயே போய் ஒன்றாக இருந்துகொள்வதென்று அண்ணனும் தம்பியும் போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரியப்பா வீட்டில் பெரிய டிவி உண்டு. விளையாட அக்காக்கள் உண்டு. அப்பா அம்மாவிடம் சொன்னபோது அவள் "சரிங்க" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வீட்டை விற்பதுதான் பாக்கி. மேற்குச் சுவரில் என் கை நுழையுமளவுக்கு ஒரு வெடிப்பு. மழை வந்தால் கூடத்துக்குள் ஒழுகும். சமையலறை மூலையில் தரை பள்ளமாக இறங்கியிருந்தது. பரணின் உத்திரத்தைக் கரையான் பாதிக்குமேல் தின்று முடித்திருந்தது. விலை சொல்லும்போது அப்பாவின் குரலே கம்மிப்போகும்.

அப்போதுதான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. நாமக்கல்லில் கல்யாண மேடை ஜோடிப்பது அவர் தொழில். எப்படிப்பட்ட மண்டபத்தையும் ஒரே பகலில் அரண்மனை ஆக்கிவிடுவார். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, "ஊடு விக்கறதும் பொண்ணு காட்டறதும் ஒண்ணுதானுங்க மச்சான். இருக்கறத எல்லாம் காட்டப்படாது" என்றார்.

சுவர் வெடிப்பின்மேல் உரக்கடைக் காலண்டர் ஏறியது. பள்ளமான மூலையில் அரிசி டிரம் போய் உட்கார்ந்தது. நிலைப்படிக்குப் பிளாஸ்டிக் சாமந்தி மாலை. சுண்ணாம்பு அடித்து முடித்ததும் வீடு, பவுடர் பூசிக்கொண்ட கிழவரைப்போல் முழித்துக்கொண்டு நின்றது.

முதலில் நாமக்கல்லிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் காரில் வந்தார்கள். மலைக் காற்றை அனுபவிக்க ஒரு வீடு வேண்டுமாம். மாமா நல்ல வெயில் நாளாகப் பார்த்து வரச்சொல்லியிருந்தார். அவர்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மாமா மலைக் காற்றின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் கூடி வருகிற நேரத்தில் காபி கொண்டுவந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"கண்ணு, அமாவாசை நாளைக்கா நாளன்னிக்கான்னு தெரியல. அந்தக் காலண்டரைக் கொஞ்சம் எடுத்துட்டு வா."

வந்தவர்கள் முன்னால் கெட்டிக்காரியாக நடந்துகொள்ள இதைவிட வேறு வாய்ப்பு ஏது? நாற்காலிமேல் ஏறிக் காலண்டரைக் கழற்றினேன். வெடிப்பின் வழியாக வெயில் ஒரு கம்பி போல் பாய்ந்து அந்த மனிதரின் காபி டம்ளருக்குள் விழுந்தது. அதற்கு அப்பால் எங்கள் மரவள்ளிக் காடு தெரிந்தது. ஆடு ஒன்று அசைபோட்டபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, இது சன்னலுங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"காத்துக்குங்க" என்றார் மாமா.

அவர்கள் காபியை முடிக்காமலே எழுந்தார்கள். மாமா அம்மாவைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார். தனக்கு நினைவே இல்லை என்று அம்மா சொன்னாள். எனக்குப் பரிதாபமாக இருந்தது. எந்தக் கோழி எந்தப் புதரில் முட்டை வைத்திருக்கிறது என்று அறிந்து வைத்திருக்கும் அம்மாவுக்கு, பாவம், காலண்டர் விஷயத்தில் மட்டும் இப்படி மறதி.

மாமா காலண்டரின் நான்கு மூலைகளிலும் ஆணி அடித்தார். "இனி சுவரு வந்தாத்தான் காலண்டரு வரும்" என்றார்.

அடுத்து வந்தது மலையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு நர்ஸும் அவர் கணவரும். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். மிகவும் சாது. நர்ஸ் சுவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை. வாசலில் பூத்திருந்த டேலியாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலையோடு பரணுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். விலைகூடப் பேசியாகிவிட்டது.

"மொதமொதல்ல ஊட்டுக்கு வந்திருக்காங்க" என்றாள் அம்மா. "பரண்ல மலைவாழை பழுத்திருக்கும். ஏறி நாலு பழம் எடுத்துட்டு வா கண்ணு."

மாமா என் பாவாடையைப் பிடிக்கப் பார்த்தார். நான் அதற்குள் ஏறிவிட்டேன். தார் உள்ளே தள்ளி இருந்தது. எட்டிப் பிடிக்க இரண்டு மூன்று முறை குதிக்க வேண்டியிருந்தது. பழத்தோடு எட்டிப் பார்த்தால், நர்ஸின் கணவர் மாவு மில்லில் வேலை செய்கிறவர் போல் உட்கார்ந்திருந்தார். அவர் மெதுவாக மேலே பார்த்தார். எழுந்து, உத்திரத்தை ஒரு விரலால் தொட்டார். விரல் உள்ளே போய்விட்டது.

"ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம்" என்று நர்ஸ் அன்பாகச் சொல்லிவிட்டு எழுந்தார். பழத்தை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

மாமா அந்த ஜெபத்தை நம்பிப் பல நாள் காத்திருந்தார். அப்பா காத்திருக்கவில்லை. எந்த மாட்டுக்கு எங்கே வலி என்று மாடு சொல்லாமலே கண்டுபிடிக்கிறவர். அன்று சாப்பிடும்போது என்னிடம் கேட்டார்.

"ஏன் சாமி, பழம் எடுக்கச் சொன்னது யாரு?"

"அம்மா."

"காலண்டரு?"

"அதுவும் அம்மாதானுங்கப்பா."

அப்பா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அம்மா ரசம் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"உங்கண்ணன் ஊட்டுல எனக்கு எந்த மூலைங்க?" என்று கேட்டாள்.

அப்பா பிசைந்த சோற்றையே மறுபடியும் பிசைந்தார். எனக்குப் பதில் தெரிந்திருந்ததால் நான் சொன்னேன். "அங்க நெறைய மூலை இருக்குதும்மா."

யாரும் சிரிக்கவில்லை.

திருஷ்டிதான் காரணம் என்று மாமா வாசலில் ஒரு பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு நாமக்கல் போனார். அப்பாவும் கீழே போய்விட்டு மறுநாள் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே சொன்னார். "அடிவாரத்துல முள்ளுக்குறிச்சில ரெண்டு ரூம்பு ஊடு ஒண்ணு வாடகைக்குப் பேசிட்டேன். நாம மட்டுந்தான். அங்கிருந்து வேலைக்கு பஸ்ல போய்ட்டு வந்துக்கறேன்." பெரியப்பாவுக்குக் கோபம் என்றும், போனை எடுப்பதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

அம்மா "சரிங்க" என்றாள். அதே சரிங்கதான். ஆனால் அன்று ஆளுக்கு இரண்டு முட்டை அவித்தாள். நான் டிவி போன துக்கத்தில் மூன்றாவதையும் கேட்டு வாங்கித் தின்றேன்.

அந்த வாரத்திலேயே, மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மலையிலேயே குண்டூர் நாட்டிலிருந்து ஒரு மிளகு விவசாயி தலைக்குச் சாக்கு போட்டுக்கொண்டு வந்து நின்றார். மாமா ஊரில் இல்லை. கூடத்தில் மூன்று இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. அப்பா ஒழுகாத இடமாகப் பார்த்து அவரை நிற்கவைக்கப் படாதபாடு பட்டார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இங்க ஒழுகும். அங்கயும் ஒழுகும். காலண்டருக்குப் பின்னால சுவரு வெடிச்சிருக்குதுங்க. டிரம்முக்கு அடியில தரை எறங்கிருக்குது. உத்திரம் மாத்தோணும்" என்றாள். சொல்லிவிட்டு, அதே மூச்சில், அஸ்திவாரக் கடைக்கால் முழுக்கக் கருங்கல் என்றும், கிணறு எந்தக் கோடையிலும் வற்றியதில்லை என்றும், பின்னாலிருக்கும் பலா ஒரு வருஷமும் ஏமாற்றியதில்லை என்றும் சொன்னாள். எங்கள் வீட்டில் இத்தனை நல்லது இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

அந்த மனிதர் சுவரைத் தட்டிப் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். அவர் மகள் தினமும் ஒற்றையடிப் பாதையில் வெகுதூரம் நடந்து வந்துதான் பள்ளிக்கூட பஸ்ஸைப் பிடிக்கிறாளாம்.

"ஓட்ட மாத்திக்கலாம், உத்திரத்த மாத்திக்கலாங்க" என்றார். "பஸ்ஸு நிக்கற எடத்த நான் மாத்த முடியுங்களா?"

மழை விடுவதற்குள் விலை படிந்துவிட்டது.

செய்தி கேட்டு ஓடிவந்த மாமாவால் அதைத் தாங்கவே முடியவில்லை. "உள்ளதச் சொல்லியே விக்கறதுன்னா நான் எதுக்குங்க மச்சான்?" என்றார். சாமந்தி மாலையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். காலண்டரையும் கழற்றப் போனார். ஆணியோடு ஒரு கைப்பிடிச் சுவரும் கூடவே வந்தது. மீதி மூன்று ஆணிகளை அப்படியே விட்டுவிட்டார்.

சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு முள்ளுக்குறிச்சி வந்தோம். வளைவுக்கு வளைவு நான் அழுதுகொண்டே வந்தேன். புது வீடு எனக்குப் பிடிக்கவில்லை. சிறியது, இருட்டு, அக்காக்கள் இல்லை.

மறுநாள் காலை கண் விழித்தபோது சன்னலில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. பக்கத்தில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். வெயில் வந்த பிறகு அம்மா படுத்திருந்து நான் பார்த்ததே இல்லை. புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. பயந்துபோய் வெளியே ஓடி, அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். "தூங்கட்டும் சாமி" என்று கிசுகிசுத்து, என்னை வெளியே இழுத்துக் கதவைச் சாத்தினார். பிறகு பூனை மாதிரி நடந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார். அவருக்குக் காபித்தூள் எந்த மூட்டையில் இருக்கிறதென்று தெரியவில்லை. அம்மாவை எழுப்பிக் கேட்டால் ஒரு நிமிஷ வேலை. நான் அதைச் சொல்லியும், அவர் ஏன் சத்தமில்லாமல் ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.