ஞாயிற்றுக்கிழமைச் சோதினை

1. முதல் ஏச்சு

விஜயா என் கடைக்கு வந்த முதல் நாளே நான் அவளை ஏசிவிட்டேன்.

சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் வவுனியாவில் கொமினிகேசன் கடை நடத்தியவர்களில் நானும் ஒருத்தி. போட்டோக்கொப்பி, லமினேற்றிங், வெளிநாட்டுக் கோல், இரண்டு கொம்பியூற்றர். அவ்வளவுதான் கடை. ரெலிபோன் லைன் இரண்டு இருந்தது. ஒன்று கோல் எடுப்பவர்களுக்கு, மற்றது இன்ரநெற்றுக்கு. இன்ரநெற் லைனுக்கு உள்ளறையில் ஒரு எக்ஸ்ரென்சனும் பூட்டியிருந்தேன். அந்த ரிசீவரை யாராவது தூக்கினால் இன்ரநெற் அறுந்துவிடும். வைபையோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது விளங்காது. அப்போது ஒரு பக்கம் திறப்பதற்குள் தேத்தண்ணி வைத்துக் குடித்து முடிக்கலாம்.

அந்த ஞாயிறு காலை ஒரு பெண் வந்தாள். பூவரசங்குளத்திலிருந்து மன்னார் ரோட் பஸ்ஸில் வந்தவள். முப்பது வயதுக்குள் இருக்கும். பின்னால் புருசன், அவன் தோளில் மூன்று வயது மதிக்கத்தக்க பெண் குழந்தை. ஒரு துண்டில் எழுதி வந்த இணையத்தள விலாசத்தையும் பாஸ்வேட்டையும் அடித்துவிட்டுக் கொம்பியூற்றருக்கு முன்னால் இருந்தாள். இருந்தவள் எழும்பவே இல்லை. பின்னால் நாலு பேர் ஈ-மெயில் பார்க்க நிற்கிறார்கள்.

"பிள்ளை, இது பஸ் ஸ்ராண்டில குந்தியிருக்கிற வாங்கு இல்லை. மற்ற ஆக்களும் இருக்கினம்" என்றேன்.

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா. நேரம் ஓடுது. இடையில விட்டா முழுக்கத் திருப்பிச் செய்ய வேணும்."

எட்டிப் பார்த்தேன். திரையின் மூலையில் ஒரு மணிக்கூடு பின்னுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கேள்வி எல்லாம் ஆங்கிலம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடை. நான் இன்னும் இரண்டு வார்த்தை ஏசுவதற்குள் உள்ளறையில் பக்கத்துப் புடைவைக்கடை ஹனீபா நானா ரிசீவரைத் தூக்கிவிட்டார். தன் கடை லைன் வேலை செய்யாவிட்டால் கேட்காமலே வந்து தூக்குவது அவர் பழக்கம். திரை அப்படியே நின்றது.

அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்தாள். எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. வாடிக்கையாளர் சத்தம் போட்டால் திருப்பிச் சத்தம் போட்டுச் சமாளிக்கலாம். சும்மா இருந்தால் என்ன செய்வது? காசு வேண்டாம், அடுத்த ஞாயிறு வா, பிந்தாமல் வா என்று சொல்லி அனுப்பினேன்.

2. ஆறு கதிரை

அடுத்த ஞாயிறு அவள் வந்ததும் முதல் வேலையாக எக்ஸ்ரென்சன் ரிசீவரை யாரும் தூக்காதபடி ஒரு துவாய்த் துண்டால் சுற்றிக் கட்டினேன். பிறகுதான் விசயத்தைக் கேட்டேன்.

அவள் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். புருசன் செல்வத்துக்கு வயல். ஏ.எல். பரீட்சை நல்லாகச் செய்தவள், இடப்பெயர்வுக்குள் மேலே படிக்க முடியவில்லை. ஊர் திரும்பி வந்தபோது தகப்பனின் காணியில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அந்த வழக்குக்காகக் கோட்டு வாசலில் வருசக்கணக்காக நின்றிருக்கிறாள்.

"தவணைக்குத் தவணை போவம் அக்கா. உள்ள என்ன நடந்தது எண்டு வெளியில வந்து ஒருத்தரும் சொல்ல மாட்டினம். அடுத்த திகதியை மட்டும் சொல்லுவினம். வெளியில வந்து சொல்லுற ஆளா நான் வர வேணும் எண்டு ஆசை."

இந்த ஆசையை ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன் ரவிக்குச் சொல்லியிருக்கிறாள். ரவி ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் இரண்டு ஷிப்ட் சமையல் வேலை செய்பவர். உடனே அங்கே விசாரித்து, சட்டம் படிக்கப் போகிறவர்கள் எல்லாரும் இதில்தான் பயிற்சி எடுக்கிறார்கள் என்று ஒரு இணையத்தளத்துக்கு ஒரு வருசத்துக்குக் காசு கட்டி, பாஸ்வேட்டை அனுப்பிவிட்டார். அதே பாஸ்வேட்டால் அவரும் திறந்து தங்கை எத்தனை புள்ளி எடுத்தாள் என்று பார்க்கலாம். வெளிநாட்டு அண்ணன் சொன்னால் எங்கள் ஊரில் மறுபேச்சு ஏது? விஜயா அதை நம்பினாள். நானும் நம்பினேன்.

கேள்விகளில் பாதி புதிர்தான். ஆறு பேர் ஆறு கதிரையில் இருக்க வேண்டும், இன்னார் இன்னாருக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது, இன்னார் இன்னாருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும் என்று போகும். வெள்ளைக்காரப் பெயர்கள் மனதில் நிற்காததால் விஜயா எங்கள் வீதி ஆட்களின் பெயரை வைத்துச் செய்வாள். கோலுக்குக் காத்திருப்பவர்களும் சேர்ந்துகொள்வார்கள். துவாயைப் பார்த்துக் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்த ஹனீபா நானாவும் கடைசியில் வந்து இருந்துவிட்டார்.

"ஏன் புள்ள, இவங்க ரெண்டு பேரும் பக்கத்தில இருக்கேலாது? கோவமா?"

"காரணம் சொல்லேல்லை நானா. அப்பிடித்தான் எண்டு வச்சுக்கொண்டு செய்ய வேணும்."

"காரணம் கேக்காமத் தீர்ப்புச் சொல்லுறதுக்கா ஒங்களைப் படிப்பிக்கிறாங்க?" என்றார் நானா. கடை முழுக்கச் சிரித்தது. விஜயா மணிக்கூட்டைப் பார்த்தபடி சிரித்தாள்.

செல்வம் வெளியே குழந்தையோடு நிற்பான். றோல்ஸ் வாங்கிக் கொடுப்பான், பஸ் காட்டுவான், கடையடியில் இருக்கும் நாயைக் காட்டுவான். பொண்டாட்டி படிக்கிறாள் என்பதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. விஜயாவின் புள்ளி கிழமைக்குக் கிழமை ஏறியது. அந்த மாதங்களில் என் கடை நல்ல கலகலப்பாக இருந்தது.

3. போட்டோக்கொப்பி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். கொப்பி அடிக்கத் தரும் எதையும் வாசித்துவிடுவேன். கலியாண எழுத்து, மரண அத்தாட்சிப் பத்திரம், பள்ளிக்கூட றிப்போட், எதுவும் தப்பாது. ஒரு நாள் ஒரு சட்டத்தரணியிடம் எழுத்துவேலை செய்யும் கிளாக் அரசாங்க வர்த்தமானிப் பக்கம் ஒன்றைக் கொண்டுவந்து மூன்று கொப்பி கேட்டார். கொழும்பில் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கான அறிவித்தல். மெசினில் போட்டுவிட்டு வாசித்தேன். மொழித்தாள் ஒன்று, தமிழிலேயே எழுதலாம். பொது அறிவும் நுண்ணறிவும் இன்னொன்று. ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக வாசித்து ஐந்தில் ஒன்றைத் தெரிவு செய்வதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

நாலாவது கொப்பி எனக்காக அடித்தேன்.

ஞாயிறு விஜயா அதை வாசித்தாள். திருப்பியும் வாசித்தாள். ரவி கட்டியது அமெரிக்காவிலும் கனடாவிலும் சட்டம் படிக்கப் போகிறவர்களின் பரீட்சைக்கு. எங்கள் பரீட்சைக்கு இன்னும் நாலு மாதம்தான் இருந்தது.

"அண்ணனுக்குக் கோல் எடுத்துச் சொல்லு" என்றேன். எனக்குக் கோபம். யாரில் என்று தெரியவில்லை.

"வேண்டாம் அக்கா. நெருப்புக்கு முன்னால நிண்டு உழைச்ச காசு. பிழையான சோதினைக்குக் கட்டிப்போட்டன் எண்டு தெரிஞ்சா அவர் உடைஞ்சு போவார்."

"அப்ப உன்ர சோதினை?"

"அதையும் படிப்பன். இதையும் செய்வன்."

வாசலில் நின்ற செல்வம் இதைக் கேட்டுவிட்டு, "ரெண்டு வயல் விதைச்சா ரெண்டுக்கும் காவலுக்குப் போக வேணுமெல்லோ" என்றான். மறுப்பாகச் சொல்லவில்லை. காவலுக்குத் தானும் வருவேன் என்ற மாதிரித்தான் சொன்னான்.

பழைய வினாத்தாள்களை அந்தக் கிளாக் மூலம் கொழும்பிலிருந்து எடுத்துக் கொப்பி அடித்துக் கொடுத்தேன். கிழமை நாட்களில் குழந்தை நித்திரையான நேரம் பார்த்து அவற்றைப் படித்தாள். பொது அறிவுக்கு என் கடைக்கு வரும் பேப்பர்களைக் கட்டாக அள்ளிக்கொண்டு போனாள். ஞாயிறு வந்து அண்ணனுக்காக அமெரிக்கப் பரீட்சையைச் செய்வாள். பரீட்சைக்கு முந்தின ஞாயிறும் வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, இண்டைக்காவது வீட்டில் இருந்து படித்திருக்கலாமே என்று ஏசினேன். "அண்ணா பார்ப்பார் அக்கா" என்றாள். நான் போய் லைனைப் போட்டுக் கொடுத்தேன்.

புரட்டாசியில் கொழும்புக்குப் போய் எழுதிவிட்டு வந்தாள். வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை. மார்கழி மழைக்குள் முடிவு வந்தது. பாஸ். செய்தியைச் சொல்ல நனைந்துகொண்டே வந்தார்கள். ஹனீபா நானா ஒரு பெட்டி மஸ்கற் இனிப்பு வாங்கி, கோலுக்கு நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தார். நான் அழுதேன். ஏன் மறைக்க வேண்டும்? சந்தோசத்தில் நன்றாகவே அழுதேன்.

4. ரவியின் கோல்

தை பிறந்ததும் விஜயா கொழும்புக்குப் படிக்கப் போனாள். குழந்தையைச் செல்வமும் அவன் தாயும் பார்த்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் சமாதானம் குழம்பி நிலைமை கெடத் தொடங்கியிருந்தது. ரோட்டில் சோதனை கூடியது. மன்னார் ரோட் பஸ் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. பூவரசங்குளத்தில் அவர்கள் வீட்டுப் பக்கம் ரெலிபோன் இல்லை.

மாசிக்குள் ஒரு நாள் ரொறன்ரோவிலிருந்து கடைக்குக் கோல் வந்தது.

"அக்கா, விஜயாவின்ர அண்ணா ரவி கதைக்கிறன். தங்கச்சியோட ஹொஸ்டலுக்கு எடுத்துக் கதைக்கிறனான். மச்சானும் பிள்ளையும் எப்பிடி எண்டுதான் தெரியேல்லை. கிட்டடியில கண்டனீங்களோ?"

"காணேல்லைத் தம்பி. பஸ் ஒழுங்கில்லை."

"ஞாயிறுகளில புள்ளி ஒண்டும் விழேல்லை. அதான் கேட்டனான்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "தம்பி, அந்தச் சோதினை எங்கட நாட்டுக்குரியதில்லை எண்டு உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார்.

"தெரியும் அக்கா. சோதினை எழுதிப்போட்டு வந்து, கட்டுரைக்கு என்ன தலைப்பு வந்தது எண்டு சொன்னவள். நான் கட்டினதில தமிழ்க் கட்டுரை ஏது? அண்டைக்கே விளங்கிட்டுது. ஆனா அதுக்குப் பிறகும் ஞாயிறு ஞாயிறு புள்ளி விழுந்தது. எனக்காகத்தான் செய்யிறாள் எண்டு தெரிஞ்சும் நான் நிப்பாட்டச் சொல்லேல்லை."

"ஏன் தம்பி?"

"வேலை முடிஞ்சு வந்து கொம்பியூற்றரைத் திறப்பன். புள்ளி விழுந்திருந்தா, அவையள் பஸ் ஏறி வவுனியா ரவுனுக்கு வந்து சேர்ந்திட்டினம். ரோட் திறந்திருக்கு. ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லை. பிறகு நித்திரை வரும். இப்ப ஒரு மாசமா அது இல்லை."

அடுத்த ஆள் கோலுக்கு நிற்கிறார் என்பதும் மறந்து போனது. ஒவ்வொரு ஞாயிறும் நான் ஒரு பரீட்சைக்கு லைன் கொடுத்துக்கொண்டிருந்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

"நான் விசாரிச்சு ஈ-மெயில் போடுறன் தம்பி" என்றேன்.

"ஈ-மெயில் எண்டா நீங்கள் கேட்டு எழுதுறது அக்கா. புள்ளி எண்டா ஆள் வந்து இருந்து தன்ர கையால அமத்தினது."

5. செல்வத்தின் புள்ளி

அடுத்த கிழமை உரம் எடுக்க வந்த செல்வத்தைப் பிடித்து விசயத்தைச் சொல்லி, இனி நீதான் இருந்து செய்ய வேண்டும் என்றேன். அவன் பயந்துபோனான்.

"எனக்கு இங்கிலீசு தெரியாதே அக்கா."

"தெரியத் தேவையில்லை. அஞ்சில ஒண்டை அமத்து. அடுத்த கேள்விக்குப் போ."

சேட்டின் கையை மடித்துவிட்டு, மண்வெட்டி பிடிக்கிற மாதிரி மவுஸைப் பிடித்தான். மணிக்கூடு ஓட ஓட நெற்றி வேர்த்தது. விஜயா பாதிக்கு மேல் எடுத்துப் பழகிய இடத்தில் செல்வம் நூற்றுக்குப் பதினெட்டு எடுத்தான். மறுநாள் ரவி கோல் எடுத்தார். சிரிப்பில் அவருக்குக் கதையே வரவில்லை.

"மச்சான் பதினெட்டு எடுத்திருக்கிறார் அக்கா. நல்ல சுகமா இருக்கிறார் போல."

அதன் பிறகு பஸ் ஓடினால் பஸ்ஸில், ஓடாவிட்டால் மோட்டார் சைக்கிளில், சோதனைச் சாவடிகளில் இறங்கி இறங்கிச் செல்வம் வருவான். வர முடியாத ஞாயிறுகளும் இருந்தன. அடுத்த ஞாயிறு வந்து இரண்டு பரீட்சை செய்வான். பதினைந்துக்கும் இருபதுக்கும் இடையில் எடுப்பான். வருசம் முடிந்து கணக்குக் காலாவதியானபோது ரவி இன்னொரு வருசத்துக்குக் கட்டினார். ஆங்கிலம் தெரியாத, வயல் செய்கிற ஒரு கமக்காரனுக்காக அந்தத் தளத்தில் காசு கட்டிய ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

இப்போது கடை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கொம்பியூற்றருக்கு முன்னால் இருப்பவர் மட்டும் உங்கள் வாடிக்கையாளர் இல்லை. அந்தப் பக்கம் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஆளை எழுப்ப அவசரப்படாதீர்கள். நான் முதல் நாளில் அவசரப்பட்டவள், அதனால்தான் சொல்கிறேன்.

அந்த இரண்டாவது வருசத்தில் ஒரு நாள் ரவி ஆச்சரியத்தோடு கோல் எடுத்தார்.

"அக்கா, மச்சான் இந்தமுறை முப்பத்தொண்டு. களவாப் படிக்கிறாரோ?"

"அது செல்வம் இல்லைத் தம்பி. மகள்தான், நான் அமத்துவன் எண்டு அடம்பிடிச்சவள். முழுக்க அவள் செய்தது."

ரவி ஊரை விட்டுப் போன பிறகு பிறந்த குழந்தை அவள். அவர் அவளைக் கண்டதே இல்லை.

"அவளுக்கு மேசை எட்டுதோ அக்கா?"

"கதிரையில முழங்காலில இருந்தா எட்டுது தம்பி" என்றேன்.