தச்சர் சொன்னதும் அக்கா சொன்னதும்

பட்டறைச் சுவரில் மூன்று சான்றிதழ்கள் சட்டமிட்டுத் தொங்குகின்றன. மூன்றிலும் ஒரே பெயர், ஒரே வாசகம்தான்: அடிப்படைத் தச்சுப் பயிற்சியை வெற்றிகரமாக முடித்தவர். முடித்தவர் அதற்கு வெகுகாலம் முன்பே நிலையும் கதவும் செய்து பெயர் வாங்கியவர். மீனைப் பிடித்து மூன்று தடவை நீச்சல் வகுப்பில் சேர்த்த கதை என்று அவர் மனைவி சொல்வாள்.

தச்சருக்குக் காது கேட்காது. சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சல் கேட்கும் திறனை எடுத்துக்கொண்டு போனது. யாரையாவது கூப்பிட வேண்டுமானால் மரச்சுத்தியலை எடுத்து மேசையில் ஓர் அடி போடுவார். அதனால் அந்தச் சுத்தியலின் பெயரே அவருக்கும் ஆகிவிட்டது: கொட்டாப்புளி. அவரை உத்தமர் என்று எழுதிவிட முடியாது. முன்கோபி. யார் செய்த வேலையில் இழைப்புச் சரியில்லை என்றாலும் செய்தவர் முன்னாலேயே கையை விரித்து, உதட்டைப் பிதுக்கி, ஊருக்கே புரியும்படி கேலி செய்வார். தன் வேலையில் குறை சொன்னால் மட்டும் அவருக்குக் கண்ணும் தெரியாமல் போய்விடும்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்காதான் அவருக்கு வாய். குழந்தைகளாக இருந்தபோதே இருவரும் தங்களுக்கென்று ஒரு சைகை மொழியை உண்டாக்கிக்கொண்டார்கள். தம்பி கையால் சொல்வதை அக்கா ஊருக்கு வாயால் சொல்வாள். சொல்லும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பாள். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. பொய்யின் தங்கை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அவருக்குப் பெண் கேட்டுப் போன அன்று, அந்த வீட்டுக் கூடத்தில் ஓர் அலமாரி இருந்தது. தம்பி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதைச் செய்தவனுக்கு மூளை இருக்கும் இடத்தில் மரத்தூள்தான் இருக்க வேண்டும் என்று கையால் சொன்னார். அக்கா புன்னகையோடு, "அலமாரி ரொம்ப அம்சமா இருக்குன்னு சொல்றான்" என்றாள். அதைச் செய்தவர் பெண்ணின் அப்பா. கல்யாணம் நடந்தது. பின்னால் சைகை கற்றுக்கொண்ட மனைவிக்கு உண்மை தெரிந்தபோது, அவள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை.

வெளிநாட்டு உதவியில் நடக்கும் தொழிற்பயிற்சி மையம் ஆற்றுப்பாலத்தைத் தாண்டி இருக்கிறது. ஒவ்வொரு பயிற்சித் தொகுதியிலும் மாற்றுத்திறனாளிகள் சேர்ந்து முடித்திருக்க வேண்டும் என்பது உதவி செய்பவர்களின் நிபந்தனை. நல்ல நிபந்தனைதான். ஆனால் ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பி நின்று பேசியே பாடம் நடத்துவார். காது கேளாத பிள்ளைகள் அவர் முதுகை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? பாதியில் நின்றுவிடுவார்கள். நிற்காமல் வந்து முடிக்கக்கூடியவர் கொட்டாப்புளி ஒருவர்தான். மையத்தின் பொறுப்பாளர் கெட்டவர் இல்லை. வேறு குதிரை கிடைக்காதபோது தெரிந்த குதிரையிலேயே திரும்பத் திரும்ப ஏறினார், அவ்வளவுதான்.

இவரும் ஏன் போனார் என்றால், அந்தப் பிள்ளைகளுக்காக. ஆசிரியர் பேசுவதை முடித்ததும், பெஞ்சில் உட்கார்ந்தபடியே இவர் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கையால் சொல்லிக் கொடுப்பார். மூன்றாம் தடவை அவர் அருகில் இருந்த காது கேளாத இரண்டு பெண்கள் நிற்காமல் கடைசிவரை வந்தார்கள். அன்றைக்கே அவருக்குள் ஒரு முடிவு விழுந்தது. இனி அந்த பெஞ்சில் உட்காரப் போவதில்லை. அந்த அறையில் அவருக்கு வேண்டிய இடம் பலகைக்கு முன்னால்.

அக்காவிடம் சொல்லி அனுப்பினார். அக்கா பொறுப்பாளரைப் பார்த்துவிட்டு வந்து, யோசிக்கிறேன் என்றார் என்றாள். அடுத்த தொகுதி அறிவித்தபோது அவர் பெயர் நான்காம் முறையாகப் பயிற்சி பெறுவோரில் இருந்தது. அதே வாரத்தில், மையத்தை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு போகலாமா என்று பார்க்க வெளிநாட்டிலிருந்து ஓர் அம்மையார் வருவதாகச் செய்தியும் வந்தது. பயன் பெற்ற ஒருவர் அவர் முன் பேச வேண்டும். வேறு யார்?

"அவங்க முன்னாடியே கேக்கறேன்" என்று தம்பி கையால் சொன்னபோது அக்கா வேண்டாம் என்று தலையாட்டினாள். மையத்துக்குக் கெட்ட பெயர் வந்து மூடிவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கிற வாசலும் போய்விடும். இவன் இருக்கிற அரைக் கதவையும் உடைத்துவிடுவான் என்று பயந்தாள். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை.

விருந்தினரைச் சிறப்பிக்கப் பொறுப்பாளர் வாடகைக்கு ஒலிபெருக்கி எடுத்திருந்தார். ஆளுயரப் பெட்டிகள் இரண்டு. வந்த அம்மையாரோடு ஓர் இளைஞர் வந்தார். பொறுப்பாளர் மைக்கில் வரவேற்கத் தொடங்கியதும் இளைஞரின் கைகள் காற்றில் பேச ஆரம்பித்தன. அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. அம்மையாருக்கும் காது கேட்காது. கடிதங்களில் அவர் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் வந்திருக்கவில்லை. அவர் எழுந்து போய் ஒலிபெருக்கியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, அதிர்வு அருமை என்று கட்டைவிரலை உயர்த்தினார். பொறுப்பாளர் மைக்கை அணைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அதைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றார்.

கொட்டாப்புளி எழுந்தார். மூன்று விரல் காட்டினார். பெஞ்சில் உட்காருவது போலக் குனிந்தார். தன் தலையைத் தானே அழுத்தி, மறுபடி, மறுபடி என்றார். இவர்களுக்கு என் கேளாத காதுதான் தேவை, என் கை தேவையில்லை. என்னை முன்னால் நிற்க விடுங்கள் என்று கையால் சொல்லி முடித்தார்.

அக்கா தொண்டையைச் செருமினாள். "இந்த மையத்துக்கு ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்னு சொல்றான்."

பொறுப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். இளைஞர் சைகையில் சொன்னார். ஒருவருடைய வார்த்தை மூன்று பேரைத் தாண்டி அம்மையாரிடம் போய்ச் சேர்ந்தபோது அதில் தச்சர் இல்லை. ஆனால் அம்மையார் அந்த வரிசையின் கடைசியில் காத்திருக்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே தச்சரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டுக்கு நாடு சைகை வேறு. என்றாலும் மூன்று விரலும் பெஞ்சும் அழுந்திய தலையும் எந்த நாட்டிலும் நன்றி ஆகாது. அவர் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து தச்சருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். திரும்பச் சொல்லுங்கள் என்று கை காட்டினார். இருவரும் புரியாத இடத்தில் நடித்தும், தரையில் விரலால் வரைந்தும் பேசினார்கள். கேட்கும் காதுள்ளவர்கள் எல்லோரும் புரியாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு அம்மையார் அக்காவின் பக்கம் திரும்பினார். இவர் சொன்னதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லுங்கள் என்று இளைஞர் மூலம் கேட்டார்.

ஒருவருக்காகப் பேசுவது எந்த இடத்தில் அவருக்குப் பதிலாகப் பேசுவதாக மாறுகிறது என்று யாராலும் கோடு போட்டுக் காட்ட முடியாது. அக்கா அந்தக் கோட்டின் மேல் நின்றாள். தம்பி அவளை அதட்டவில்லை. காத்திருந்தார். முன்கோபிக்கு அது பெரிய விஷயம்.

"என் தம்பி நன்றி சொல்லல" என்றாள். பிறகு அவர் சொன்னது அத்தனையும், தலை அழுத்தியது உட்பட, சொன்னாள்.

பொறுப்பாளர் முகம் சுண்டிப்போனது. "இத என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?"

"அவன் சொல்லி அனுப்பினான் சார். நான்தான் சொல்லல. தம்பிக்கு ஏதாவது வேலை இருந்தா பாருங்கன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன்."

அன்றே எல்லாம் நடந்துவிடவில்லை. பயிற்றுநர் பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்று ஒரு விதி குறுக்கே நின்றது. அம்மையார் தன் நாட்டில் அப்படி ஒரு விதியைத் தாண்ட நெடுங்காலம் பிடித்ததாகச் சொன்னார். இந்த விதியை எழுதியவர் பொறுப்பாளர்தான். எழுதிய கையாலேயே அவர் அதை அடித்தார். அதற்காக அவரைப் பாராட்டலாம், அளவாக. அடுத்த கட்டத்துக்கான பேச்சில் காது கேளாதவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அக்காவுக்குச் சம்பளத்தோடு மொழிபெயர்ப்பு வேலை. நிபந்தனை ஒன்றே: சர்க்கரை கூடாது.

புதிய தொகுதியின் முதல் நாள், பெஞ்சுகள் எல்லோர் கையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வளைவாகப் போடப்பட்டிருந்தன. பலகைக்கு முன்னால் கொட்டாப்புளி நின்றார். மேசையில் ஓர் அடி. காது கேட்பவர்களும் கேளாதவர்களும் ஒன்றாக நிமிர்ந்தார்கள். அந்தத் தொகுதியில் யாரும் பாதியில் நிற்கவில்லை.

தொகுதி முடிந்த விழாவுக்கு மாமனாரும் வந்திருந்தார். நான்காவது முறையும் அதே சான்றிதழ். இந்த முறை பிள்ளைகள் வாங்கினார்கள், இவர் கையெழுத்துப் போட்டார். தேநீர் குடிக்கும்போது தச்சர் அக்காவைச் சீண்ட நினைத்து, மாமனாரைக் காட்டி, அந்த அலமாரியைப் பற்றி அன்றைக்குச் சொன்னதை அப்படியே கையால் சொன்னார். உன் வேலையைச் செய் என்று கண்ணைச் சிமிட்டினார்.

அக்கா ஒரு மிடறு குடித்தாள். "உங்க அலமாரியைச் செஞ்சவனுக்கு மூளை இருக்கிற எடத்துல மரத்தூள்தான் இருக்கணும்னு சொல்றான். பொண்ணு கேட்டு வந்த அன்னைக்கும் அதான் சொன்னான்."

மாமனார் டம்ளரைக் கீழே வைத்தார். "அன்னைக்கே எனக்குத் தெரியும்மா. மாப்ள மூஞ்சிய நான் பாக்கலையா? மனசுல இருக்கிறத மறைக்கத் தெரியாத மனுஷன்னுதான் பொண்ணக் குடுத்தேன்."

அக்கா அதைத் தம்பிக்குக் கையால் சொன்னாள், ஒன்றும் சேர்க்காமல்.